மேட்டில் விட்டு வந்த இரண்டு கண்ணிகள்

எங்கள் கடையில் கூடாரம், முதுகுப் பை, டார்ச், மழைக்கோட்டு, மலையேறுகிறவர்கள் போடும் காலணி எல்லாம் விற்கிறோம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் காட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்து, உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதோடு சரி. நான் அங்கே பில் போடுகிறவள். கூடாரப் பிரிவைப் பார்த்துக்கொண்டவரைத்தான் எல்லாரும் கண்ணி மாஸ்டர் என்று கூப்பிட்டோம்.

அந்தப் பட்டம் ஞாயிற்றுக்கிழமைகளால் வந்தது. கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தை அன்று காலையில் காலி செய்துவிடுவோம். மாஸ்டர் அங்கே வகுப்பு எடுப்பார். காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது, தண்ணீர் எப்படிக் கண்டுபிடிப்பது, தார்ப்பாயை எப்படிக் கட்டுவது என்று அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். கடைசியில் கண்ணி வைக்கும் பகுதி வரும்போதுதான் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

சிமெண்ட் நிரப்பிய வாளியில் வளைகிற கம்பு ஒன்றை நட்டிருப்பார். அதுதான் மரக்கன்று. கம்பை வளைத்து, ஒரு ஆப்பில் கொக்கி போட்டு மாட்டி, அதன் நுனியிலிருந்து மெல்லிய கம்பியில் சுருக்கு ஒன்றைத் தொங்கவிடுவார். பிறகு ஒரு துணி முயலைக் குச்சியால் தள்ளிக்கொண்டு வருவார். அவர் மனைவி தைத்துக் கொடுத்த முயல் அது. அந்தம்மா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பேண்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது மாதிரி வேலைகள் செய்கிறவர். வெட்டிப்போட்ட பேண்ட் துணியில் உடம்பு, கோட்டுப் பொத்தானில் கண், வயிற்றுக்குள் கனத்துக்கு மணல். முயலின் தலை சுருக்குக்குள் போனதும் கொக்கி விடுபட்டு, கம்பு சடாரென்று நிமிர்ந்து, முயல் ஆகாயத்தில் துள்ளும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

"இந்தச் சுருக்குக்கு ஒரு விசேஷம் இருக்கு," என்பார். "ஒரு தடவை இறுகினா இளகாது. எவ்வளவு இழுத்தாலும் இன்னும்தான் இறுகும். பிடிபட்டதும் பின்னங்கால் ரெண்டையும் சேத்துப் பிடிங்க. கழுத்துக்குப் பின்னால ஒரே போடு. அதுக்கு வலி தெரியறதுக்குள்ள முடிஞ்சிடும்." சொல்லிக்கொண்டே உள்ளங்கையின் ஓரத்தால் காற்றை ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவார்.

அதற்குப் பிறகும் ஒன்று சொல்வார். "கிளம்பும்போது வெச்ச கண்ணி எல்லாத்தையும் எடுத்துடணும். நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. கண்ணி போகாது. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருக்கும்." இதைச் சொல்லும்போது ஆட்கள் பையை எடுத்துத் தோளில் மாட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

அவர் அதுவரை உயிருள்ள எதையும் பிடித்ததில்லை. எங்கள் கடைக்கு வருமுன் திரைச்சீலை மாட்டுகிற வேலையில் இருந்தவர். கம்பியும் முடிச்சும் கையில் நன்றாகப் பழகியிருந்தன. மற்றதெல்லாம் புத்தகத்திலும் வீடியோவிலும் பார்த்துக் கற்றுக்கொண்டது. பொய் சொல்கிறவர் இல்லை. நீங்கள் என்ன பிடித்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு முடித்தவர்களைக் காட்டிலேயே ஒரு ராத்திரி தங்கவைத்தால் என்ன என்று முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கைவிட்ட கல்குவாரி ஒன்றை ஒட்டிப் பழைய விடுதி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி மாஸ்டரை அனுப்பினார். மாஸ்டருக்கு வண்டி ஓட்ட வராது. அவருடைய மச்சானிடம் பழைய வேன் ஒன்று இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம், ஆகவே நீ நான் என்றுதான் பேச்சு. மச்சானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஆள் நல்ல பருமன். மாஸ்டரின் வகுப்பை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தவர். "லிஃப்டுல ஒரு கயிறு அறுந்தா இன்னொண்ணு பிடிக்கும். அதுவும் போனா கீழ பிரேக் பிடிக்கும். உன் காட்டுல எது மாப்பிள்ளை பிடிக்கும்?" என்று கேட்டாராம். லீவு எடுத்து விடுதியில் தூங்கலாம் என்றுதான் வேனை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் எதிரே சாலையில் மண் சரிந்து கிடந்தது. வேனைத் திருப்பலாம் என்று மச்சான் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, வந்த பக்கமும் மரத்தோடு மண் இறங்கியது. அந்தச் சத்தத்தை மாஸ்டர் என்னிடம் சொல்ல முயற்சி செய்து, பாதியில் விட்டுவிட்டார். மச்சான் இறங்கி என்னவென்று பார்க்கப் போனார். மேலிருந்து உருண்டு வந்த கல் ஒன்று அவருடைய கணுக்காலில் அடித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் பள்ளத்தில் போய் விழுந்தது.

போனில் சிக்னல் இல்லை. சாலை போடுகிறவர்கள் சாமான் வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று வளைவில் இருந்தது. மச்சானைத் தோளில் சாய்த்து, இழுத்து, உட்காரவைத்து, மறுபடி இழுத்து அங்கே கொண்டு சேர்த்தார் மாஸ்டர். கடையிலிருந்து வகுப்புப் பையையும் எடுத்து வந்திருந்தார், விடுதிக்கு முன்னால் வைத்து விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் என்று. அந்தப் பையில் கத்தி, கம்பிச் சுருள், தார்ப்பாய், மணல் வயிற்று முயல் எல்லாம் இருந்தன. முயலை மச்சானின் காலுக்கு அண்டக்கொடுத்தார்.

முதலில் எல்லாம் அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. ஓடைத் தண்ணீர் இருந்தது. கூரை இருந்தது. வேனிலிருந்து டீசலை உறிஞ்சித் துணியில் நனைத்து, புகை போட்டார். புகை எழுந்த வேகத்தில் மூடுபனியில் கலந்தது. எது புகை எது பனி என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. சாலையின் விளிம்பு பெயர்ந்து, வேன் முதுகைக் காட்டிக்கொண்டு சாவதானமாகப் பள்ளத்துக்குள் இறங்கியது. டீசலும் அதோடு போயிற்று. கொட்டகை வாசலில் கிடந்த மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே, "போன மாசம்தான் தவணை முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி இறங்கியிருக்கக் கூடாதா," என்றார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கவில்லை.

நடந்து போய் ஆள் கூட்டிவரலாம் என்று மாஸ்டர் சரிந்த மண்மேல் ஏறிப் பார்த்தார். தொடை வரைக்கும் புதைந்தது. கையால் தோண்டித் தோண்டிக் காலை விடுவித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார்.

ஊரில் மாஸ்டரின் மனைவி சாலை அலுவலகத்துக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். அந்த வழியில் வண்டி எதுவும் மாட்டிக்கொண்டதாகத் தகவல் இல்லை, மண்ணை அள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். வேன் பள்ளத்தில் கிடந்தால் எப்படிக் கண்ணில் படும்? நான் அந்த நாட்களில் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவேன். யாருடையதோ ஒரு பேண்டை எடுத்துத் தைப்பார், பிரிப்பார், மறுபடி அதே இடத்தில் தைப்பார்.

பிஸ்கட்டும் ரொட்டியும் தீர்ந்தன. பசியால் மனிதன் சீக்கிரம் சாவதில்லை என்பது மாஸ்டருக்குத் தெரியும். கூரை, தண்ணீர், அடையாளம், இவை மூன்றுக்கும் பிறகுதான் சாப்பாடு என்று அவரே கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர். ஆனால் மச்சானின் கால் வீங்கி, தோல் பளபளவென்று ஆகி, காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அவரால் ஈரத்துணி போடுவதைத் தவிர ஒன்றும் செய்யமுடியவில்லை. மச்சானோ கால் வலியைப் பற்றிப் பேசாமல் சோற்றைப் பற்றியே பேசினார்.

"மாப்பிள்ளை, ஏதாச்சும் பிடிச்சுட்டு வாயேன். நீதானே மாஸ்டரு."

"பாக்கறேன் மச்சான்."

"பாக்கறேன்னா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிடிக்கறியே."

மாஸ்டர் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு போனார். சும்மா உட்கார்ந்து மச்சானின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது தேவலை என்றுதான் போனேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஓடையோரம் புல் விலகி, சின்னச் சின்னத் தடங்கள் தெரிந்தன. அவற்றில் சுருக்குகளைத் தொங்கவிட்டார். கட்டு நேர்த்தியாக வந்தது. பார்க்கிறவர்கள் கைதட்டுகிற மாதிரிதான் இருந்தது. திரும்பப் போய்ப் பார்த்தால் ஒரு சுருக்குக்குள் மஞ்சள் இலை ஒன்று விழுந்து நின்றிருந்தது. இன்னொன்றின் பக்கத்திலேயே புதுப் புழுக்கை கிடந்தது. வந்தது, நின்றது, கழித்தது, போய்விட்டது. தட்டைக் கல்லைக் குச்சியில் முட்டுக்கொடுத்து ஒரு பொறி வைத்தார். மழை அடித்துக் கல் தானாகவே விழுந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடி விழுந்தது. மரத்திலிருந்து ஒரு பறவை தலையைச் சாய்த்துச் சாய்த்து இதைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

கை வாசனை கம்பியில் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, கம்பியைச் சேற்றில் புரட்டினார். சுருக்கைச் சிறிதாக்கினார், பெரிதாக்கினார். தடம் என்று தான் நினைப்பது தடம்தானா, மழைத்தண்ணீர் ஓடின வழியா என்று சந்தேகம் வந்தது. கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. வகுப்பில் அவரிடம் கேட்பார்கள். அவர் யாரிடம் கேட்பார்?

வெறுங்கையோடு வந்தபோது மச்சான் கண்ணைத் திறந்து, "அந்தத் துணி முயலைக் கொண்டு போய் உக்காரவையேன். சொந்தக்காரன்னு நினைச்சு எதாச்சும் பேச வரும்," என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது மாடியில நிக்குது பாரு, கதவு திறக்க மாட்டேங்குது, உள்ள ஆள் இருக்கு," என்றார். அங்கே மாடி எங்கே இருக்கிறது? மாஸ்டர் அவர் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டார்.

மிச்சமிருந்த கம்பியை எல்லாம் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினார். புதருக்குள் தவழ்ந்து தவழ்ந்து, கிடைத்த இடத்தில் எல்லாம் வைத்தார். கன்றுகளை வளைத்து விசை பூட்டக் கையில் வலுவில்லை. சுருக்கை மட்டும் போட்டு, கம்பியின் மறுமுனையைச் செடியின் அடியிலோ மண்ணில் தறிக்குச்சி அடித்தோ கட்டினார். எங்கெங்கே வைத்தோம் என்று அடையாளத்துக்குக் கிளையை ஒடித்து வைக்க வேண்டும். சில இடங்களில் ஒடித்தார். சில இடங்களில் மறந்துவிட்டார்.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஒரு சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று வீறிட்டு அழுகிற சத்தம். இந்த இடத்தில் குழந்தை எப்படி வந்தது என்றுதான் முதலில் நினைத்தாராம். மச்சானும் முழித்துக்கொண்டு, "யாருதுப்பா அது, தூக்குங்களேன்," என்றார்.

மாஸ்டர் மேட்டில் ஏறினார். சுருக்கில் காட்டு முயல். கழுத்தில் விழ வேண்டிய சுருக்கு இடுப்பில் விழுந்து, வயிற்றை இரண்டாகப் பிரித்த மாதிரி இறுகியிருந்தது. அவரைக் கண்டதும் கம்பி போகிற மட்டும் பாய்ந்தது. கம்பி சுண்டி இழுத்தது. மறுபடி பாய்ந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு அலறல்.

பின்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். அதன் நெஞ்சின் துடிப்பு காலில்கூடத் தெரிந்தது. கையை ஓங்கி, கழுத்துக்குப் பின்னால் அடித்தார். அது திமிறியதில் அடி தோளில் பட்டது. ஏதோ உடைந்தது, உயிர் போகவில்லை. அலறல் இன்னும் கூடிற்று. இரண்டாவது முறை கையை ஓங்கினார். கை இறங்கவில்லை.

"எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்," என்றார் என்னிடம். "எத்தனை ஞாயித்துக்கிழமை. கை அப்படியே நிக்குதும்மா."

சரி, விட்டுவிடலாம் என்று சுருக்கை இளக்கப் பார்த்தார். அது இளகாத சுருக்கு. கம்பி தோலுக்குள் போய்விட்டிருந்தது. விரல் நுழையவில்லை. கத்தியால் கம்பியை அறுக்கப் பார்த்தார். கத்தி வழுக்கிக்கொண்டே போயிற்று. முயல் அவருடைய கட்டைவிரலைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டார். கடைசியில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. அலறல் முனகலாகி, முனகல் மூச்சாகி, மூச்சும் நின்றது. அப்போது அது நன்றாகக் கனத்ததாம்.

செத்த பிறகுதான் கம்பியைப் பொறுமையாக உருவ முடிந்தது. கீழே கொண்டு வந்தார். தீ மூட்டப் பார்த்தார். லைட்டர் எரிந்தது, விறகு எரியவில்லை. தகரக் கொட்டகைக்குள் இருந்த ஒரே பலகையைச் சீவி வைத்தும் புகைந்து புகைந்து அணைந்தது. மச்சான் முயலையும் பார்த்தார், மாஸ்டரின் முகத்தையும் பார்த்தார்.

"வெளியில கொண்டு போய் வை மாப்பிள்ளை," என்றார். "எனக்குப் பசியில்ல."

வெயில் உச்சிக்கு வருமுன் பொக்லைன் சத்தம் கேட்டது. வளைவில் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டே வந்த வண்டி, தகரக் கொட்டகையிலிருந்து ஒரு ஆள் தார்ப்பாயை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து மச்சானின் காலைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ரொட்டியை எடுத்து இரண்டு பேர் கையிலும் திணித்தார். மச்சானை வண்டியின் முன்னால் மண் அள்ளும் வாளியில் தார்ப்பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள்.

மாஸ்டர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடையோரம் ஓடி, அங்கே வைத்தவற்றைப் பிடுங்கினார். மேட்டில் ஏறி, கண்ணில் பட்டவற்றைப் பிடுங்கினார். இன்னும் இரண்டு இருந்தன. பிடுங்கிய சுருக்குகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும்போது காலுக்கடியில் மண் நெளிந்தது.

"சார், இறங்குங்க," என்று ஓட்டுநர் கீழிருந்து கூப்பிட்டார்.

"ரெண்டு கண்ணி இருக்குங்க. எடுத்துட்டு வந்துடறேன்."

"என்னது?"

"கண்ணி. வெச்சுட்டேன். எடுக்கணும்."

"மலை நகருது சார். கண்ணியாவது கிண்ணியாவது. இந்த ஆளுக்குக் கால் இருக்கணுமா வேண்டாமா?"

கிளீனர் ஏறி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்து இறக்கினார். வண்டி திரும்பும்போது மாஸ்டர் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்தார். ஒடித்து வைத்த கிளை எதுவும் தெரியவில்லை.

மச்சான் பிழைத்துக்கொண்டார். காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி அக்கம்பக்கத்தார், லிஃப்ட் கம்பெனிக்காரர்கள், எல்லாரும் நின்றார்கள். மச்சான் கதை சொன்னார். "என் மாப்பிள்ளை மட்டும் இல்லைன்னா நான் அங்கேயே போயிருப்பேன். சொட்டச் சொட்ட மழை, கையில ஒண்ணுமில்ல. ஒரு கம்பிய வெச்சே முயல் பிடிச்சான். சுட்டு, எனக்கு ஊட்டி விட்டான்."

மாஸ்டர் வாசலருகே நின்றிருந்தார். மச்சான் பொய் சொல்லவில்லை. காய்ச்சலில் அவருக்கு அப்படித்தான் நினைவு இருந்தது. சுட்ட இறைச்சியின் வாசனை, தொண்டையில் இறங்கிய சூடு, எல்லாம் நினைவு இருந்தது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒருநாள் மாஸ்டர் அவரைத் தனியாக உட்காரவைத்து, "நீ சாப்பிடல மச்சான். தீயே பிடிக்கல," என்று சொல்லிப் பார்த்தார்.

மச்சான் அவர் தோளில் கைபோட்டு, "உனக்குப் பெருமை பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

முதலாளியின் காதுக்கும் கதை போயிற்று. கடை முகப்பில் மாஸ்டரின் படம் பெரிதாக ஏறியது. அடியில், 'நிஜக் காட்டில் உயிர் பிழைத்தவர் சொல்லித் தருகிறார்'. வண்டி நிறுத்துமிடம் கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டடத்து மாடியில்கூட ஆட்கள் நின்றார்கள். முயல் என்னவோ அதே துணி முயல்தான். சேற்றுக் கறை போகவில்லை. கறை அப்படியே இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வகுப்பு இல்லாத நேரத்தில் மாஸ்டர் கூடாரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்வார். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் பேசியவர் சத்தமாகப் பேசினார்.

"ரெண்டு கம்பியா சார்? நாங்க மூட்டை மூட்டையா எடுக்கறோம். எடுக்க எடுக்க வெக்கறாங்க."

"இது நான் வெச்சதுங்க. இடம் சொல்றேன். யாராவது போனா..."

"அந்த ரோடு இன்னும் திறக்கல சார். யாரும் போக முடியாது."

"அதுவரைக்கும் அது அங்கேயே இருக்குமே."

"இருக்கும்," என்றார் அவர். கேலி செய்யவில்லை. இருக்கும் என்பதைத்தான் சொன்னார்.

மாஸ்டர் பஸ் ஏறி மலையடிவாரத்துக்குப் போனார். தடுப்புக் கம்பத்துக் காவல்காரர் விடவில்லை. அடுத்த லீவு நாளிலும் போனார். இரண்டாவது தடவை அந்தக் காவல்காரர் இரக்கப்பட்டு டீ வாங்கிக் கொடுத்து, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வீட்டில் அவர் மனைவி கேட்டார்: "உலகத்துல நீங்க வெச்ச கண்ணி மட்டும்தான் இருக்கா?" பிறகு அந்தம்மாவே, "ரோடு திறக்கட்டும். நானும் வரேன்," என்றார்.

திறந்தார்கள், மழைக்காலமெல்லாம் கழிந்த பிறகு. கணவனும் மனைவியும் போனார்கள். தகரக் கொட்டகை அப்படியே இருந்தது. மேட்டில் செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன. பொழுது முக்கால்வாசி போன பிறகு ஒரு கண்ணியை அந்தம்மாதான் கண்டுபிடித்தார். துருப்பிடித்து, வட்டம் குலையாமல், வைத்தபடி நின்றது. அதன் நடுவில் ஒரு கொடி ஏறியிருந்தது. மாஸ்டர் கொண்டுபோன கட்டரால் அதை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்த மாதிரி இருந்ததாம்.

இன்னொன்றின் இடத்தையும் கண்டுபிடித்தார்கள். இடம் மட்டும்தான். பக்கத்துச் செடியின் அடிப்பட்டை கம்பி உரசிச் சுற்றிலும் அரைபட்டு, கட்டை வெளுத்திருந்தது. தறி அடித்த இடத்தில் குழி. அதைச் சுற்றி வட்டமாகப் புல்லே முளைக்காமல் மண் இறுகிக் கிடந்தது. ஏதோ ஒன்று அங்கே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பிறகு தறியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. கம்பி இல்லை. கம்பியோடுதான் போயிருக்கிறது.

மாஸ்டர் அதன் பின்னாலேயே மேட்டின்மேல் ஏறினார். எதன் பின்னால் என்று அவருக்கே தெரியாது. தடம் இல்லை, எலும்பு இல்லை, முடி இல்லை. எவ்வளவு பெரிய பிராணி என்று தெரியாது. கழுத்தில் விழுந்ததா, காலில் விழுந்ததா, இப்போதும் எங்கேயாவது அதை இழுத்துக்கொண்டு நடக்கிறதா, எதுவும் தெரியாது. புதருக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்வரை போய்க்கொண்டே இருந்தார்.

"வாங்க. கடைசி பஸ் போயிடும்."

"இன்னும் கொஞ்சம் பாத்துட்டு..."

"எதைப் பாப்பீங்க?"

மாஸ்டர் இறங்கி வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு வந்தார். கடையில் கூட்டம் குறைந்ததால் நானும் பின்னால் போய் நின்றேன். துணி முயலைக் கையில் எடுத்தார். குச்சியால் தள்ளவில்லை. "நான் ஒரே ஒரு முயல்தான் பிடிச்சேன்," என்று ஆரம்பித்தார். "அது ஒரே போடுல சாகல." அலறலைப் பற்றிச் சொன்னார். கை ஓங்கினபடி நின்றதைச் சொன்னார். சாப்பிடவே இல்லை என்பதையும் சொன்னார். அவர் கோர்வையாகப் பேசுகிறவர்தான், அன்று வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றபோது முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. வேடிக்கைக்குச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பரவியது.

கண்ணாடி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். "சார், அந்த நிலைமை வந்தா நாங்க எங்க அடிக்கணும்? இங்கயா, இங்கயா?" என்று தன் கழுத்திலேயே இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார்.

மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளிக்கம்பை வளைத்துக் கொக்கியில் மாட்டினார். முயலைத் தள்ளினார். அது மேலே துள்ளியது. கைதட்டினார்கள்.

வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டார். "முகப்புல உன் படத்த வெச்சுக்கிட்டு வேற ஆளை எப்படி நிறுத்துவேன்?" என்றார் முதலாளி. மாஸ்டர் கூடாரப் பிரிவுக்குத் திரும்பினார். இன்றும் வகுப்பு எடுக்கிறார். கண்ணிகளை எடுத்துவிட வேண்டும் என்பதை இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறார். முதலில் சொன்னால் கேட்கிறார்களா என்றால், முதல் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதிலேயே போய்விடுகிறது.

போன மாதம் மச்சான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்தார் என்று அவர் வீட்டில் ஒரு விருந்து. அங்கே நடந்ததை மாஸ்டரின் மனைவிதான் எனக்குச் சொன்னார், என் பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டே. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மச்சானின் சம்பந்தி வீட்டார் புதிதாக வந்திருக்கிறார்கள். மச்சான் கதையை எடுத்துவிட்டார். வேன் இறங்கியதில் தொடங்கி, மழை, கொட்டகை, முயல், தீ, ஊட்டிவிட்டது எல்லாம் வந்தன. சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கிவிட்டது. சம்பந்தியம்மா சோற்றில் கை வைத்தபடியே மாஸ்டரைப் பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு தம்பி, உப்பு புளி எதுவும் இல்லாம?"

எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள். மச்சான் ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"கொஞ்சம் உப்பு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார்.

"பாத்தீங்களா," என்று மச்சான் தொடையில் தட்டினார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மச்சானின் மனைவி கரண்டியோடு வந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், மாஸ்டரின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்று கேட்டேன்.

அந்தம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்னத்தச் சொல்ல?" என்றார். "தண்ணி டம்ளரை அவர் பக்கம் நகத்தி வெச்சேன்."